நெறஞ்சிருக்கு

ஏளா,

நேற்றுப் பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். எறும்பு புகுந்துவிட்டது என்று வேலைக்கு வருகிற பெண் சொன்னதால் இறக்கினேனே தவிர, உன்னை நினைத்துக்கொண்டு இறக்கவில்லை. உன்னிடம் எதற்குப் பொய். பெட்டிக்குள் என் ஆராய்ச்சிக் காலத்து நோட்டுகள். மூன்றாவது நோட்டைப் பிரித்தால், நடுப்பக்கத்தில் உன் கட்டைவிரல் ரேகை. கரும்பழுப்பு நிறத்தில், இன்று காலைதான் அழுத்தியது போல. சில்வர் நைட்ரேட் கறை. தோலில் பட்டால் பத்துப் பதினைந்து நாளில் போய்விடும், காகிதத்தில் பட்டால் போகாது என்று அன்றைக்கே சொன்னாய்.

உன்னை அடக்கம் செய்து நான்கு மாதம் ஆகிறது. வந்தேன், எல்லாரோடும் நின்றேன், ஒரு பிடி மண்ணும் போட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உன் தம்பி மனைவி என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாள். நேற்று அந்த ரேகையைப் பார்த்ததும் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். வேலைக்காரப் பெண் பயந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அந்த ரேகையின் கதையை ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் கேள். நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்பதும் உனக்குத் தெரிந்ததுதானே.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில் நீ வேதியியலில் டெமான்ஸ்ட்ரேட்டர், நான் தமிழில் டியூட்டர். இருவரும் ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தோம். உனக்குக் கடற்கரைக் கிணறுகளின் உப்பு, எனக்குக் கடற்கரை மக்களின் பேச்சு. ஆனால் பழக்கம் தொடங்கியது கல்லூரியில் அல்ல, பெரியதாழையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில். மரப்பெட்டி நிறையப் பாட்டில்களோடு ஏறினாய். கேட்காமல் கொள்ளாமல் நான்கு பாட்டிலை என் மடியில் வைத்தாய். பதநீரா என்று கேட்டார் கண்டக்டர். "கெணத்துத் தண்ணி அண்ணாச்சி" என்றாய். தூத்துக்குடியில் கிடைக்காத தண்ணீரா என்று பஸ்ஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்காமல், பாட்டிலைச் சாய்க்காமல் பிடி என்றாய்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் சேர்ந்தே போனோம். பெரியதாழைக்குப் பக்கத்தில் உன் அம்மா வழிச் சொந்தங்கள் இருந்த அந்தச் சின்ன ஊர்தான் நம் இருவருக்கும் தலைமையகம். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, அதுவும் ஊருக்கு வெளியே தேரிக்காட்டில், செம்மணலில் கால் புதையப் புதைய ஒரு மைல் நடக்க வேண்டும். ஊருக்குள் இருந்த கிணறுகளில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது.

லூர்தம்மாளை அங்கேதான் பார்த்தோம். மீன் விற்கிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும், யாரையும் மதித்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவள். சுற்று வட்டாரத்துக் கிணறுகளிலிருந்து நீ நிரப்பி வந்த பதினோரு பாட்டிலையும் பார்த்துவிட்டு, "இதுக்கா படிப்பு? குடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது" என்றாள். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. சொல்லுங்கள் பார்க்கலாம் என்று அவள் குசினியிலேயே பாட்டில்களைக் கடை பரப்பினாய். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்தாள், துப்பினாள், பாட்டிலை நகர்த்தி வைத்தாள். இது நாக்கில் நிற்காது. இது லேசாகச் சவர்ப்பு. இதில் பருப்பு வேகாது. இது கரிக்கும். உப்பு குறைந்ததிலிருந்து கூடியது வரை பதினோரு பாட்டிலும் ஒரே வரிசையாக நின்றன, பதினோரு சொல்லும் என் நோட்டில் ஏறின.

திங்கட்கிழமை உன் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாயைத் திறக்கக்கூடாது, அவள் சொன்ன வரிசையை உன்னிடம் சொல்லவும் கூடாது என்று கட்டளை. பாட்டில்களின் எண்களை என்னை மாற்றி ஒட்டச் சொன்னாய், உனக்கே எது எதென்று தெரியாதபடி. குடுவைத் தண்ணீரில் ஒரு துளி குரோமேட் விட்டாய், மஞ்சளானது. பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெள்ளையாகக் கலங்கிக்கொண்டே இருந்தது, பிறகு ஒரே ஒரு சொட்டு, மொத்தமும் செங்கல் நிறம். இதற்குப் பெயர் டைட்ரேஷன், அதுவரை எவ்வளவு இறங்கியதோ அதை வைத்து உப்பைக் கணக்கிடலாம் என்றாய். அந்த ஒரு சொட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உன் முகத்தைப் பார்த்தேன். கோயிலில்கூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் உன் கணக்கையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பதினோரு கிணற்றில் ஒன்றுகூட இடம் மாறவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் மயிரிழை வித்தியாசம், அதைக்கூட அவள் நாக்கு சரியாகப் பிரித்திருந்தது. நீ நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாய்: "ஏளா, நம்ம ரெண்டு பேரு ஆராய்ச்சியும் ஒண்ணுதான். அந்தம்மா வாய்க்குள்ளயே முடிஞ்சு போச்சு."

பங்குனியில்தான் வினை வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகிற திட்டத்துக்கு ஊர்களைத் தேர்ந்து ஒன்றிய அலுவலகத்தில் பட்டியல் போடுகிறார்கள், திங்கட்கிழமை அது திருநெல்வேலிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டோம். அதற்கு முந்தின வாரச் சனிக்கிழமைதான் தேரிக் கிணற்றின் அடியில் ஒரு பெண் இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றுவதை நீ பார்த்துவிட்டு வந்திருந்தாய். அந்த ஊர் பட்டியலில் முதலாவதாக இருக்கும் என்ற நம்பிக்கையில், வியாழக்கிழமை உன் கணக்கை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம்.

பட்டியலில் அந்த ஊரே இல்லை. எழுத்தர் நாசரேத் பக்கத்துக்காரர், முத்து முத்தான கையெழுத்து. படிவத்தை எடுத்துக் காட்டினார். 'குடிநீர்க் கிணற்றின் நிலை: நிறைந்துள்ளது.' கடந்த மூன்று வருடமும் அதே வரி. கோபமே வராத நீ அன்றைக்கு வெடித்தாய். வெயிலுக்குப் பயந்து பஸ் ஸ்டாப்பிலேயே நின்று பொய் எழுதியிருக்கிறீர்கள் என்றாய். அந்த மனிதர் முகம் செத்துவிட்டது. "யம்மா, கெணத்தப் போயிப் பாக்கல, அது தப்புதான். ஆனா பொய் எழுதல. அவங்க வாயால சொன்னதத்தான் எழுதியிருக்கேன்" என்று படிவத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். தகவல் தந்தவர்: லூர்தம்மாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீ கணக்குத் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாய். பதினோரு கிணற்றிலும் பிசகாத நாக்கு இதில் மட்டும் எப்படிப் பிசகும்? நான் வாய் சும்மா இராமல், உங்க ஊர்க்காரங்களுக்கு வறட்டுக் கௌரவம் ஜாஸ்தி என்றேன். என் நோட்டிலும் அவள் சொன்ன அதே வரி முன்பே இருந்தது. "கெணறு நெறஞ்சிருக்கு." பக்கத்தில் என் குறிப்பு: 'நீர்வளம் பற்றிய பெருமிதப் பேச்சு.' இப்போது படித்தால் நோட்டைச் சுருட்டி என் தலையிலேயே ஒன்று போடத் தோன்றுகிறது.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். சமாதானம் பேசத்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், இன்றைக்கு டைட்ரேஷன் உண்டா என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்க்காமல், "எங்க? சில்வர் நைட்ரேட் நெறஞ்சிருக்கு. ஆபீஸ்ல எழுதிக் கேக்கணும்" என்றாய். பழுப்புப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலி. அடியில் ஈரம் மட்டும்.

"இதுல ஒண்ணுமே இல்லையேளா."

"அதத்தான சொன்னேன்."

பாட்டிலை உன் கையில் கொடுத்துவிட்டு என் நோட்டை எடுத்தேன்.

எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று அம்மா சொல்ல மாட்டாள், நிறைந்திருக்கிறது என்பாள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டாள், குளிர வைக்கச் சொல்லுவாள். இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விடக்கூடாது. இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று பெயர், வருடா வருடம் வகுப்பில் உதாரணத்தோடு நடத்துகிறவள் நான். ஆனால் தண்ணீருக்கு அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எங்கள் தாமிரபரணிக் கரையில் தண்ணீர் தீர்ந்ததே இல்லை, அதனால் அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. லூர்தம்மாளுக்குத் தேவைப்பட்டது. வறண்ட கிணற்றைப் பற்றிக் கேட்டவனிடம், கிணற்றுக்குக் கேடு வராமல் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதை எழுத்தர் நல்ல தமிழில் எழுதினார், நான் இன்னும் நல்ல தமிழில் எழுதினேன்.

நீ என் நோட்டைப் பிடுங்கி அந்த வரியைத் தேடி அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாய். பாட்டில் வாய் பட்டு ஈரமாக இருந்த விரல். முதலில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. நோட்டை ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டு நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் ரேகை ஒவ்வொன்றாகப் பழுப்பாக எழுந்து வந்தது. என் வரியின்மேல் உன் விரல் தானாக வந்து நிற்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது சாதாரணம். "வெளிச்சம் பட்டாத் தெரியும்" என்றாய், அவ்வளவுதான்.

அன்றைக்கே உட்கார்ந்து மங்கல வழக்கைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். நீ கிணற்றுக் கணக்கைப் பின்னால் வைத்துத் தைத்தாய். சனிக்கிழமை காலை ஒன்றிய அதிகாரி முன்னால் நின்றோம். அவர் முதல் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், இலக்கணத்தை வைத்துக் குழாய் போட முடியாது என்றார். நான் இன்னொரு அரைமணி நேரம் பாடம் நடத்தத் தயாராக இருந்தேன். நீ என் கையை அமுக்கிவிட்டுக் கேட்டாய்:

"சார், உங்க வீட்ல அரிசி தீந்து போச்சுன்னா அம்மா என்ன சொல்லுவாங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். எழுத்தர் மேசையில் பேனா சத்தம் நின்றது. அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்குள் பேசுகிறவரைப் போல, "நெறஞ்சிருக்குன்னுதான்" என்றார். உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். பகல் பதினோரு மணி வெயிலில் தேரி மணலில் நடந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்து ஒரு பெண் சிரட்டையோடு அண்ணாந்து பார்த்தாள். லூர்தம்மாள்தான். திரும்பி வந்து சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். எழுத்தரிடம் நீ மன்னிப்புக் கேட்டாய். அவர் கூச்சப்பட்டு எழுந்து நின்றுவிட்டார்.

குழாய் வர இரண்டு வருடம் ஆனது, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். ஆனால் வந்தது. முதல் நாள் லூர்தம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, உங்க ஆத்துத் தண்ணி சப்புன்னு இருக்கு என்று என்னிடம் குறை சொன்னாள். நம் இருவரின் பெயரையும் போட்டு ஒரே ஆய்வேடாகக் கொடுக்கலாம் என்ற ஆசை மட்டும் நடக்கவில்லை. கிணற்றில் என்ன இலக்கியம் என்றார் என் நெறியாளர், பேச்சில் என்ன வேதியியல் என்றார் உன்னுடையவர். தனித்தனியாகப் பட்டம் வாங்கினோம். நான் மதுரைக்கு வந்தேன், நீ தூத்துக்குடியை விட்டு அசையவில்லை.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியது. போன வருடக் கடைசியில் போன் செய்தேன். என் மூட்டுவலியைப் பற்றி, மருமகளைப் பற்றி, கால் மணி நேரம் நானே பேசினேன். வைக்கப் போகும்போதுதான் உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நெறஞ்சிருக்குளா" என்றாய்.

"சந்தோசம்ளா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்கு நான்கு பக்கம் எழுதியவள். அதை வைத்துப் பட்டமும் வாங்கி, முப்பது வருடம் வகுப்பும் எடுத்தவள். ஐந்து வாரம் கழித்து உன் தம்பி போன் செய்தபோதும்கூடப் புரியவில்லை. நேற்று, அந்த ரேகைக்கு அடியில் மங்கித் தெரிந்த என் கையெழுத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. நீ சொல்லியிருக்கிறாய். மறைக்கவே இல்லை. லூர்தம்மாள் மாதிரி, கேடு எதையும் என் காதில் போடாமல், உண்மையைச் சொல்லியிருக்கிறாய். நான்தான் கிணற்றைப் போய்ப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போன ஆள்.

நேற்று அழுது முடித்துக் குசினிக்குப் போனேன். ஆமாம், குசினி. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, இன்னும் அடுக்களை என்று வாயில் வரவில்லை. அரிசி இருக்கிறதா என்று வேலைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். மதுரைக்காரி. நிறைய இருக்கும்மா என்றாள். அவளை நகரச் சொல்லிவிட்டு, நானே மூடியைத் திறந்து, கையை அடி வரைக்கும் விட்டுப் பார்த்தேன்.