எந்தக் கோட?

எதிர்வீட்டில் புதிதாகக் கட்டிய காம்பவுண்டு சுவருக்குக் காலையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சிமெண்டு வாசனை ஜன்னல் வழியே வந்தது. மேஸ்திரி யாரிடமோ தெலுங்கில் ‘கோட’ என்றார். சுவர் என்று பொருள். எனக்கோ உன் குரல்தான் கேட்டது. நீ போய் இவ்வளவு நாளாகியும் இந்த ஒரு சொல் என்னைப் படுத்தி எடுக்கிறது.

நான் நகரிக்காரன், இரண்டு பாஷையும் கலந்தே வளர்ந்தவன். நீ அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்கு வேலைக்கு வந்தவன். உதிரிபாகக் கடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. கோட்டைக்குத் தெலுங்கிலும் ஏறக்குறைய ‘கோட்ட’தான். நாம் தமிழில் பேசுகிற சொல்லை அப்படியே விட்டிருந்தால் போதும். நீதான், தெலுங்கு என்றால் மெத்தென்று இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி அதைக் ‘கோட’ ஆக்கிவிட்டாய்.

லீவு நாள் வந்தால் போதும், “வாடா, கோடக்கி போலாம்” என்பாய்.

“செவுத்துக்குப் போயி இன்னாடா பண்றது?”

“ரெண்டும் கல்லுதானே, வுடு!”

சந்திரகிரிக் கோட்டையில் எல்லாரும் மகாலைப் பார்ப்பார்கள். உனக்கு வெளிமதில்தான் வேண்டும். பெரிய பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். அதற்கு உள்பக்கம், குதிரைகள் நின்ற இடமோ என்னவோ, இப்போது புல் முளைத்துக் கிடக்கும் முற்றத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவோம். “கடைசிக் கல்ல வெச்சவன் உள்ள மாட்டிக்கினானா, வெளிய மாட்டிக்கினானா?” என்று ஒருநாள் கேட்டாய். இரண்டு பேரும் பஸ் வரும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. இனி வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புத்தூரில் நீ வாங்கியிருந்த வீட்டை ஒழுங்குபண்ண உன் மனைவி முன்னாலேயே போயிருந்தார். அன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன கோட கிட்ட கூட்டினு போடா” என்றாய். நான் யோசிக்கவே இல்லை. காரில் ஏற்றி, சந்திரகிரிக்கு விடச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய்.

என் தோளில் சாய்ந்தபடி மதில்வரை நடந்தாய். கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய்.

“இன்னாடா?”

“ஒன்னுமில்ல. நல்லாதான் கட்டிக்கிறானுங்க.”

திரும்பும் வழியிலேயே உனக்கு மூச்சுத் திணற, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புத்தூருக்கு நீ போகவே இல்லை.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைப் புத்தூர் வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். பூச்சு வேலை முடிந்த புதுச் சுவர். “செவுரு முடிஞ்சிச்சா, முடிஞ்சிச்சான்னு கேட்டுக்கினே இருந்தாருண்ணா. ஒரு வாட்டி பாக்கணும்னாரு. உங்ககிட்ட சொல்லல?”

சொன்னாயா, இல்லையா? வருடக்கணக்காகத் தப்பாகச் சொன்ன சொல்லை அன்று ஒருநாள் சரியாகச் சொல்லி, நான்தான் பழக்கதோஷத்தில் தப்பாக எடுத்துக்கொண்டேனா? அல்லது வழக்கம்போல நீ தப்பாகச் சொல்ல, நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? புத்தூர் ஒரு பக்கம், சந்திரகிரி நேர் எதிர்ப்பக்கம். காரைத் திருப்பச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சில நாள் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. சில நாள் அழுகை வருகிறது. சுவரைக் கேட்டவனுக்குக் கோட்டையைக் காட்டிவிட்டேனே என்று நினைத்தால் சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

உன் சிரிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. மதிலைப் பார்த்துச் சிரித்தாயா, என்னைப் பார்த்தா, இன்றுவரை தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் என்றால், அன்று நான் உன்னைக் கூட்டிப்போகவில்லையடா. என் மனம் நோகக்கூடாது என்று, அந்த உடம்போடு, நீதான் என்னோடு வந்திருக்கிறாய்.