செய்தியின் கடைசி வரி

அக்கா,

பக்கத்து வீட்டில் யாருக்கோ காய்ச்சல். காலையிலேயே மிக்ஸியில் பப்பாளி இலை அரைக்கிறார்கள். அந்தப் பச்சைக் கசப்பு ஜன்னல் வழியே வந்ததும், நல்லூர் வீட்டில் நீங்கள் படுத்திருந்த அறைக்குள் நிற்பதுபோல் ஆகிவிட்டது.

ஒரே பள்ளியில் நாம் இருவரும் அறிவியல் பாடம் நடத்தினோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நீங்கள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு நாளிதழை விரிப்பீர்கள். 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று எது வந்தாலும் பிள்ளைகள் அதைத் துருவிப் பார்க்க வேண்டும். "எலிக்குக் குடுத்தாங்களா, மனுசனுக்கா? எத்தனை பேருக்கு? தலைப்பைப் பாத்து ஏமாறாதீங்க கண்ணு, கடைசி வரி வரைக்கும் படிங்க." பனியன் கம்பெனியிலிருந்து களைத்து வரும் அப்பா அம்மாவையே பிள்ளைகள் கேள்வி கேட்பதாகப் புகார் வந்தபோது, அன்று முழுக்கச் சிரித்தபடி இருந்தீர்கள்.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி. கோயம்புத்தூரில் வைத்தியம். உங்கள் மாணவி செல்வியைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தேன். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரான உங்கள் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு செய்தித் துணுக்கை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். பப்பாளி இலைச்சாறு புற்றைக் கரைக்கும் என்று தலைப்பு. பலமுறை மடித்து ஓரம் நைந்திருந்தது.

"படிச்சுப் பாரு கண்ணு. மருந்து வந்துருச்சாமா."

செல்வி நீங்கள் பழக்கியபடியே நிதானமாகப் படித்தாள். "இது லேபுல கண்ணாடித் தட்டுல வச்சுப் பாத்ததுங்க. ஆளுங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கலீங்க."

அவர் துணுக்கைத் திரும்ப வாங்கி, அதே மடிப்பில் மடித்துக்கொண்டு வெளியே போனார்.

"சரியாத்தான் படிச்சிருக்கற சாமி," என்றீர்கள். அவள் தலையைத் தூக்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் ஒரு டம்ளர் சாற்றோடு வந்து நின்றார். "ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்த மாட்டனுங்க. இதையும் குடுங்க," என்று வாங்கி முகம் சுளிக்காமல் குடித்தீர்கள். அவருக்காகத்தான் குடிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

செல்வி செருப்பு மாட்ட வாசலுக்குப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அந்தப் பொண்ணு முழுசாப் படிச்சுச்சா? ஒரு வரி ஏதாச்சும் விட்டிருக்குமோ?"

"நானும் கூடவே படிச்சனுங்க அக்கா."

நீங்கள் கையை விடவில்லை. அடுத்த பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

இப்போது நானும் வகுப்பில் நாளிதழ் விரிக்கிறேன். உங்கள் கேள்விகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. போன வாரம் அப்படியொரு மருந்துச் செய்தி. "வெறும் எலிக்குத்தான் டீச்சர்," என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரி. அதைச் சரியென்றே சொன்னேன். பின் பெஞ்சில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஊட்டுல யாருக்குக் கண்ணு முடியல?" என்று கேட்டேன்.