வேலிக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி

என் நைனாவுக்கு,

நீ போய் ஏழு மாதம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கல்லறைக்குச் சுற்றுச்சுவர் வருகிறது. வரைபடம் நான் போட்டது. தப்பாகப் போட்டுவிட்டேன்.

ரிடையர் ஆன மறு மாதமே நீ வடக்குத் தெருவின் வரலாறு எழுதக் கிளம்பினாய். திருமழிசைக்கு இந்தப் பக்கம், இந்த ஒரே தெருவில் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் எப்போது வந்தன, எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று. கோயில் பதிவேடுகளை உட்கார்ந்து கையால் நகல் எடுத்தாய். பெரியவர்களைக் கேசட்டில் பேசவைத்தாய். எனக்கு அது பொழுதுபோகாத வேலையாகப் பட்டது.

“வாய்ப் பேச்சுக்கு அளவு ஏது நைனா? பதிவேட்டுல பேர் இருந்தா ஆள் இருந்தான். இல்லன்னா இல்ல” என்றேன். டிப்ளமோ சிவில் படித்த திமிர். “கேட்டுட்டு அப்பால சொல்லுடா” என்றாய். நான் கேட்கவில்லை.

நீ போன பிறகு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை என்னைத்தான் அளக்கச் சொன்னது. வடக்கு வேலிக்கு வெளியே பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம். அதுவும் கோயில் நிலம்தான். பக்கத்துக் கம்பெனி லாரி திருப்ப இடம் கேட்கிறது, கொடுத்துவிடலாம் என்று யோசனை. உன் நகல் நோட்டை வைத்து ஒவ்வொரு பெயராகக் குழியோடு பொருத்தினேன். எல்லாப் பெயரும் வேலிக்கு உள்ளேயே முடிந்துவிட்டது. வெளியே ‘காலி இடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் உன் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான் காரணம். கைக்கு வந்தது மூன்றாம் வீட்டு ஞானம்மா அத்தையின் கேசட்.

“வடக்கால, வேலிக்கு அந்தாண்ட இன்னா கீதுக்கா?” என்று நீ கேட்கிறாய்.

“உனுக்குத் தெரியாதா? டேப்புக்கு வோணுமா?”

“சொல்லுக்கா.”

“மூச்சில்லாம பொறந்த கொயந்திங்க. ஞானஸ்நானம் இல்ல, பேரு இல்ல. உள்ள வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. என்னுது ரெண்டு கீது. உன்னுது ஒண்ணு. நீதானே விடியக்காத்தால துண்டுல சுத்திகினு போன?”

அப்புறம் வெறும் மின்விசிறிச் சத்தம். பேச்சு அதோடு முடிந்துவிட்டதோ என்று நிறுத்தப் போனேன். அப்போது நீ மெதுவாகச் சொன்னாய்: “தெரியும்க்கா. நான் சொன்னா எம்புள்ள ரெஜிஸ்டர் கேப்பான். அதான் உன்னிய சொல்லச் சொல்றேன்.”

கல்லறைத் திருநாள் அன்று தாத்தாவுக்கு ஏற்றியது போக ஒரு மெழுகுவர்த்தியை வேலிக்கு வெளியே நட்டுவிட்டு வருவாயே. “அங்க யாருக்கு? வீணாக்காத” என்று ஒருமுறை கத்தினேன். நீ பதில் சொல்லவில்லை. இப்போது அந்த மின்விசிறிச் சத்தத்தில் அந்தப் பதில்தான் கேட்கிறது. அளக்கும்போது அந்த இடத்தில் இரும்பு முளை அடித்தேன் நைனா. அடுத்தடுத்து நான்கு. எதன் மேல் அடித்தேன்?

சமையலறையில் அரிசி களையும் சத்தம் நின்றிருந்தது. அம்மா வாசற்படியில் நின்றாள்.

“எந்த எடம்னு சொன்னாரா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“எங்கிட்டயும் சொல்லல. கேக்காதன்னுட்டாரு. பொண்ணுடா.”

தெருவையே உட்காரவைத்துக் கேட்டவன் நீ, அம்மாவிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவளும் வருஷா வருஷம் அந்த வேலி ஓரமாக நடந்துதானே வந்தாள்?

கேசட்டை எடுத்துக்கொண்டு பேரவைச் செயலாளர் சவரிமுத்து மாமாவிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“பதிவேட்டுல பேர் கீதாடா?”

என் வாக்கியம். என்னிடமே திரும்பி வந்தது.

“இல்ல மாமா.”

“சுண்ணாம்புக் கோடு போட்டாச்சி. திங்கக்கெழம கடக்கால் நோண்டறாங்க. காலி எடம்னு கையெழுத்து போட்டவன் நீதான?”

“நான்தான். தப்பு. மாத்திப் போடறேன்.”

“ஒரு அம்மா பேச்ச வச்சிகினா?”

“எத்தினி பேர் பேசணும்னு சொல்லு மாமா. கூட்டிகினு வரேன்.”

அவர் கேசட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ராத்திரி வீட்டில் மாமியைக் கேட்டாரோ என்னவோ, மறுநாள் மாமியே நம் வீட்டுக்கு வந்து ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். பேச்சு வரவில்லை. அழுதுவிட்டுப் போனாள். அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இதுவரை ஒன்பது பேர் பேசியிருக்கிறார்கள். முதலில் பேசியது அம்மா. எந்த மாதம், என்ன மழை, துண்டு என்ன நிறம், எல்லாம் சொன்னாள். நான் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குப் புதுசு.

நாளை திங்கட்கிழமை. ஆட்கள் வரும்போது அம்மாவும் ஞானம்மா அத்தையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதாகச் சொல்கிறார்கள். நானும் நிற்பேன், புது வரைபடத்தோடு. அதில் சுவர் பத்தடி வடக்கே தள்ளிப் போயிருக்கிறது. ‘காலி இடம்’ என்பதை அடித்துவிட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஞானம்மா அத்தை சொன்னதையே எழுதியிருக்கிறேன்: குழந்தைகள்.

சுவர் எங்கே எழும்புமோ, தெரியாது. எங்கே எழும்பினாலும் இந்தக் கல்லறைத் திருநாளில் அந்த மெழுகுவர்த்தியை நான் ஏற்றுவேன். அம்மாவும் கூட வருவாள். இது சத்தியம்.

இத்தனை நாள் மூத்தவன் என்று கையெழுத்துப் போட்டுவந்த,
உன் இரண்டாம் பிள்ளை.