அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் வேலை அவசரத்தில் சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் பெரிய அத்தை, நாமெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் என்போமே, போன மாதம் ரவிக்கை தைக்க என் தையல் கடைக்கு வந்தார். அளவெடுக்கும்போது, மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து இப்போது மூன்று மாதமாக இரத்தம் படுகிறது என்று வானிலைச் செய்தி போலச் சொன்னார். எங்களுக்குள் எப்போதும் எலியும் பூனையும்தான், உனக்குத் தெரியாததா. பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொல்கிறாரே என்று மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கல்யாணம் பதினெட்டில், பிரசவம் ஐந்து, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறைகூட இல்லை. புகைபிடிப்பீர்களா என்றதும் அத்தை என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, நூல் ஆலையில் சூப்பர்வைசராக இருந்த பதினைந்து வருஷமும் சரக்கறையில் ஒளிந்து சிகரெட் பிடித்ததை ஒப்புக்கொண்டார். சிகரெட் பிடித்தார் என்று தன் புருஷனை, உன் மாமாவையே, வாசலில் நிறுத்தியவர் அவர். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் ஒரு வைரஸால் வருவது என்று நர்ஸ் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"ஒரே புருஷனோட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ நான். என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

"உங்க நடத்தைய யாரும் கேக்கலம்மா. ஒருத்தரோடவே வாழ்ந்தவங்களுக்கும் இது வரும். நிறையப் பேருக்கு வந்து தானாவே போயிடும். சிலருக்குத்தான் வருஷக்கணக்கா தங்கிடும். புகை, நிறைய பிரசவம், உடம்புல எதிர்ப்புச் சக்தி குறைவு, இதெல்லாம் சேர்ந்தா ஆபத்து கூடுது. பாக்காமலே விட்டா அது தெரியாமலே வளருது."

அந்த வைரஸ் பேச்சு வந்ததும் என் மனசிலும் அத்தையைப் பற்றி ஒரு கெட்ட எண்ணம் ஓடி மறைந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. சோதனையில் புற்றுநோய்தான் என்று வந்தது. ஆனால் சின்னதாக, ஒரே இடத்தில் இருந்ததால் ஆபரேஷனோடு முடிந்தது, வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளாக அத்தை நம் வீட்டில் உன் அறையில்தான் இருக்கிறார், நான் போடும் தையலெல்லாம் கோணல் என்கிறார். துணைக்கு வந்த கூலியாக நீயும் பார்த்துக்கொள் என்று என்னையும் விரட்டிப் பரிசோதனை செய்ய வைத்தார். ஐந்து நிமிஷம்தான், வலியைவிட வெட்கம்தான் அதிகம். எனக்கு வைரஸ் இல்லையாம். நேற்று அவருக்குத் தலை வாரிவிடும்போது, அன்றைக்கு என் மனசில் ஓடியதைச் சொல்லி மன்னிக்கச் சொன்னேன். அத்தை திரும்பாமலே சொன்னார்.

"ஒரு தப்பும் பண்ணாத எனக்கே என் மேல சந்தேகம் வந்துச்சு. உனக்கு வராதா? பின்னலை இறுக்கிப் போடு."

உனக்கு முப்பத்து நாலு ஆகிறது, எனக்கு ஒன்றும் இல்லையே என்று தள்ளிப்போடாதே. ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை. பேத்திக்குப் பத்து வயது நிறையப் போகிறது, இந்த வைரஸுக்குத் தடுப்பூசி போட அதுதான் நல்ல வயதாம், உங்கள் டாக்டரிடம் கேள். நோய் நொடி அண்டாமல் மூவரும் நூறு வயது வாழ வேண்டும். பரிசோதனைக்குத் தேதி வாங்கியதும் எனக்கு அல்ல, அத்தைக்குப் போன் செய். முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா