உட்காரும் உத்தியோகம்

மார்ச் 4
காலையில் கழிப்பறையில் ரத்தம். நல்ல சிவப்பு, நாலைந்து சொட்டு. வலி இல்லை. பதினெட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். எதிரே சிவப்பைக் கண்டால் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். இந்தச் சிவப்புக்கு எதை மிதிப்பது? தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து, மனைவியிடம் "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

மார்ச் 5
ரத்தம் இல்லை. தானாகவே சரியாகிவிட்டது. வீணாகப் பயந்தேன்.

மார்ச் 6
சரியாகவில்லை.

மார்ச் 11
இப்போது அரிப்பும் சேர்ந்துகொண்டது. ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டினேன். நடத்துநர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, ராஜா மாதிரி சாஞ்சு உக்காந்திருக்கீங்க?" "இடுப்புப் பிடிப்பு" என்றேன். நல்ல மனுஷன், பையைத் துழாவித் தைலம் எடுத்துக் கொடுத்தார். அவர் எதிரிலேயே தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வண்டி முழுக்க நெடி. முன் இருக்கை அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

மார்ச் 14
கைப்பேசியில் தேடினேன். கழிப்பறையில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பதும் மூலத்துக்கு ஒரு காரணமாம். இதைப் படித்தபோது அங்கே உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த வரியில் புற்றுநோய் என்று இருந்தது. மகளுக்குப் பதினோரு வயதுதான் — ஏன்டா, போய் டாக்டர்கிட்ட காட்டித் தொலைச்சா என்ன? உயிரவிடப் பெருசா உன் வெக்கம்?

மார்ச் 18
போனேன். மருத்துவர் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
"என்ன தொந்தரவு?"
"இடுப்பு."
"இடுப்புல எங்க?"
"கொஞ்சம் கீழ."
"இன்னும் கீழயா?"
"ஆமாங்க."
சிரிக்கவில்லை, புண்ணியவதி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். அங்கே கண் பரிசோதனை அட்டை தொங்கியது. அவர் பார்த்து முடிப்பதற்குள் கடைசி வரி வரை படித்துவிட்டேன். என் பார்வை பிரமாதம்.

மூலம்தான். உள்ளே எல்லோருக்கும் மெத்தை போல ரத்தக்குழாய்கள் உண்டாம். எனக்கு அவை வீங்கிவிட்டன. தண்ணீர் எவ்வளவு குடிப்பேன் என்று கேட்டார். ஓடும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதே, பகல் முழுக்க அரை பாட்டில்தான். "அதான். மலம் இறுகுது, முக்குறீங்க, வீங்குது." நிறையத் தண்ணீர், கீரை, பழம், நார்ச்சத்துத் தூள், வெதுவெதுப்பான நீரில் தினமும் பத்து நிமிடம் உட்காருவது. நாற்பத்தாறு வயது என்பதால் குடலுக்குள் கேமரா விட்டும் பார்க்க வேண்டுமாம். "மூலம்தானேன்னு நெனச்சு வேற எதையும் விட்டுடக் கூடாதுல்ல?" அதற்கு மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்றார். போச்சு.

மார்ச் 20
மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேலி செய்வாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்கும் இருக்கு" என்றாள். "பாப்பா வயித்துல இருந்தப்ப வந்தது."

பதினோரு வருடம்! அடிக்கடி வெளியே இறங்கிவிடுமாம், கையால் உள்ளே தள்ளிக்கொள்வாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இதப் போய் எப்படிங்க சொல்றது?"

விசேஷ வீடுகளில் அவள் உட்காரவே மாட்டாள். என் மனைவி எவ்வளவு சுறுசுறுப்பு பார் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். பக்கத்திலேயே படுக்கிற எனக்குத் தெரியல. நாலு சொட்டுக்கு உலகமே முடிஞ்ச மாதிரி ஆடினேனே, எனக்கெல்லாம் ஒரு மூலம்!

மார்ச் 27
கேமரா பார்த்தாயிற்று. குடலில் வேறொன்றும் இல்லை. மயக்கத்தில் நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொன்னேனாம். தாதி சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ஏப்ரல் 9
எனக்கு ரத்தம் நின்று பத்து நாள். மனைவியை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடப் பார்த்தாள். "நான் வேணா மறுபடி ஒரு தடவ காட்டிட்டு வரட்டா, பின்னாடியே வரியா?" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள். முற்றிவிட்டதாம், அறுவை சிகிச்சைதான் வேண்டுமாம்.

ஏப்ரல் 17
முடிந்தது. நல்லபடியாக.

ஏப்ரல் 20
வலியில் அழுதாள். வெந்நீர் வைத்துத் தொட்டியில் ஊற்றினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மே 24
மனைவியும் மகளும் படத்துக்குப் போனார்கள். முன்பெல்லாம் மனைவி இடைவேளையிலேயே தலைவலி என்று எழுந்துவிடுவாள். நானும் நம்பி மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். இன்று திரும்பி வந்து முழுக்கதையும் சொன்னாள். படம் பரவாயில்லையாம். முடிவுதான் சரியில்லையாம்.