மீன் ஐசில் வைத்த மருந்து

இன்று காலை கடை ஃப்ரிட்ஜை நிறுத்திக் கழுவினேன். நேற்றைய மல்லிகைச் சரத்தில் மிஞ்சியது கீழ்த்தட்டில் கிடந்து கறுத்திருந்தது. கதவைத் திறந்தவுடன் அந்தப் புளித்த பூ வாசம் முகத்தில் அடித்தது. முட்டை வைக்கும் தட்டைக் கழற்றினால், அடியில் நீ ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்டர் அப்படியே இருக்கிறது. உன் கோணல் எழுத்து: 'இது பூ இல்லை, மருந்து. தொட்டால் கை முறியும்.' உரஞ்சி எடுத்துவிடலாம் என்று தேங்காய்த் தும்பை எடுத்தேன். மனம் வரவில்லை. தட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, நீ வழக்கமாக உட்காரும் கதிரையில் இருந்தபடி இதை எழுதுகிறேன். இன்றைக்குக் கலியாணம் ஒன்றும் இல்லை. முகம் துப்புரவாக்க வருகிறவர்களும் பின்னேரம்தான் வருவார்கள்.

நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. உன்னிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டவள் நான். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் வேறு கதை. நாங்கள் இருவரும் என்றைக்காவது நேராக விசயத்துக்கு வந்திருக்கிறோமா?

கிளிநொச்சியில் இந்த மணப்பெண் அலங்காரக் கடையைத் திறந்தபோது சனம் சிரித்தது. நாயாற்றுக் கரையில் வலைக்கும் வள்ளத்துக்கும் நடுவே வளர்ந்த நீ, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற வீட்டிலிருந்து வந்த நான். நீ வேதக்காரி, மாதா கோயில்; நான் சைவம். நீ முகமும் தலையும், நான் சேலை. உனக்கு வாழ்நாள் முழுதும் ஒரு கொசுவம் நேராக வரவில்லை. எனக்கு மை தீட்டினால் கை நடுங்கும். இரண்டு அரைகுறைகள் சேர்ந்து ஒரு முழு ஆள் என்று நீயே வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பாய்.

கலியாண வீடுகளில் முதல் சேலைக்குப் பிரச்சினை இல்லை. கூறைச் சேலைதான் பிரச்சினை. மாப்பிள்ளை கொடுத்த கூறையைப் பெண் உள்ளே கொண்டுவந்து உடுத்திக்கொண்டு திரும்பிப் போனால்தான் தாலி. ஐயர் வெளியே நேரம் போகிறது என்று கத்திக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "தங்கச்சிக்கு எத்தினை பிள்ளையள்?" என்பார். இல்லை என்று சொன்னதும் அவருடைய கை தன்பாட்டில் கூறைத் தட்டை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்.

நீ பாய்ந்து வருவாய். "இஞ்ச பாருங்கோ அம்மா, எனக்கு மூண்டு. மூண்டும் சுகப்பிரசவம். விடுங்கோ, நான் கட்டிவிடுறன்." கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, கூறையைப் பெண்ணின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றுவாய். பெரியம்மா ஆறுதலாகி வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு, "இந்தா, பிடியடி. எனக்கெங்க இது கட்டத் தெரியும்" என்று முழுச் சேலையையும் என்னிடம் தள்ளுவாய். எத்தனை பெண்களுக்கு அப்படிக் கட்டியிருப்போம். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது பிள்ளைகள். என் கை பட்டதால் ஒரு வயிறும் காய்ந்து போகவில்லை.

என் உடுப்புக்காகவும் நீ சண்டை பிடித்தாய். எனக்கு நன்றாக உடுக்க வேண்டும். கைத்தறிச் சேலை, பெரிய தோடு, உதட்டுக்குச் சாயம். கடைக்கு வரும்போதும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அப்படித்தான். கோயில் வீதியில் ஒருத்தி என் காதுபடவே, "பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை, ஆருக்குக் காட்ட இந்த எடுப்பு?" என்றாள். அன்றைக்குக் கடைக்கு வெறும் காதோடு வந்தேன். நீ கேட்டுத் தெரிந்துகொண்டாய். உன் கைப்பையைக் கிளறித் தோடு தேடி, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மணப்பெண் சிமிக்கியை எடுத்து என் காதில் மாட்டினாய். அது தோளில் இடிக்கும் அளவுக்குப் பெரிது. "இதோட கோயில் வீதியால ரெண்டு தரம் போட்டு வா. அவளுக்கு வயிறு எரியட்டும்" என்றாய். போனேன். இரண்டு தரம் இல்லை, மூன்று தரம்.

சந்தோசம் இருக்கவில்லை என்று சொன்னால் பொய். ஞாயிறு பின்னேரங்களில் உன் ஸ்கூட்டியில் குளக்கட்டுக்குப் போவோம். வான்கதவு திறந்த நாட்களில் தூவானம் முகத்தில் அடிக்க, கடதாசியில் சுற்றிய பொரித்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் பார்த்த மாப்பிள்ளையின் மீசையைப் பற்றிக் கதைப்போம். குளத்து மீனை நீ மீன் என்றே ஒத்துக்கொள்ளமாட்டாய். "சேறு மணக்குது. கடல் மீன் திண்டவளுக்கு இது தண்டனை" என்று சொல்லிக்கொண்டே என் பங்கையும் முடிப்பாய். அந்த ஒரு மணித்தியாலம் நான் பிள்ளை இல்லாதவள் என்பது எனக்கு மறந்துபோகும்.

பிள்ளைக்காக மூன்றாம் முறை வைத்தியம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்து டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வயது போய்விட்டது, கருமுட்டை தீர்ந்து வருகிறது, இதுதான் கடைசி. என் மனுசன் திரும்பி வரும் வழி முழுதும் பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நீதான் பொறுப்பை எடுத்தாய். முட்டை வளர்வதற்கான ஊசி, நாளுக்கு ஒன்று, வயிற்றில். ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டில் அடுக்கி வைத்து அந்தப் பிளாஸ்டரை ஒட்டினாய். வெளியே மணப்பெண்ணின் முகப்பூச்சுக் காயும் நேரத்தில் திரைக்குப் பின்னால் என் சேலையை விலக்கி ஊசி போடுவாய். "மூச்சை இழு. பெடியன் எண்டால் என்ர பேர், பெட்டை எண்டாலும் என்ர பேர்" என்று ஒவ்வொரு நாளும் அதே பகிடி. ஒவ்வொரு நாளும் நான் சிரித்தேன்.

அது மின்வெட்டுக் காலம். பெற்றோலும் இல்லை, காசும் இல்லை, கரண்ட் காலையில் போனால் எப்போது வரும் என்று தெரியாது. நாலாம் நாள் ஃப்ரிட்ஜுக்குள் பூவெல்லாம் வேர்த்து ஒழுகியது. மருந்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து நீ பதறிப்போனாய். குளிரில் வையுங்கோ என்று சொல்லித்தான் மருந்தைத் தந்திருந்தார்கள். கூடத் தந்த கடதாசி இங்கிலீசில் இருந்தது. நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. "நீ சும்மா இரு. குளிர் எண்டால் என்னெண்டு எங்கட ஆக்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் உன் தம்பியைப் பிடித்தாய். மீன் ஏற்றும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ். மருந்தைப் பொலித்தீனில் சுற்றி, விளைமீனைப் புதைப்பதுபோல நடுவில் புதைத்து, ஐஸ் இன்னும் குளிரட்டும் என்று மேலே இரண்டு பிடி உப்பும் தூவினாய். மூன்று நாளுக்கு மீன் பழுதுபடாது என்றால் மருந்து எப்படிப் பழுதுபடும்?

மறுநாள் எடுத்தபோது மருந்து கண்ணாடிக் குப்பிக்குள் வெள்ளையாகக் கட்டிபட்டிருந்தது. நீ கையில் பொத்தி வைத்து ஊதினாய். "பார், எவ்வளவு நல்லாக் குளிர்ந்திருக்கு" என்றாய். நானும் பார்த்தேன். நானும் சிரித்தேன். இளகியதும் போட்டாய். இப்படி ஆறு நாள்.

யாழ்ப்பாணத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் வளரவில்லை. டொக்டர் வெளியே போனபிறகு தாதி மெதுவாகக் கேட்டார், "மருந்தை எங்க வச்சிருந்தனீங்கள்? உறைய விட்டனீங்களோ?" எனக்கு விளங்கவில்லை. உறைந்தால் என்ன என்று கேட்டேன். "உறைஞ்சால் அந்த மருந்து செத்துப்போம். பேந்து வெறும் தண்ணிதான். கரண்ட் இல்லையெண்டால் வீட்டுக்குள்ள நிழலில வச்சிருந்தாலே கொஞ்ச நாளுக்குத் தாங்கியிருக்கும்" என்றார். அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு நான் சொன்னேன்: "இல்லை. உறையேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். உன்னைக் காப்பாற்றத்தான் என்று கனகாலம் நினைத்திருந்தேன். அதில் பாதி பொய். ஓம் என்று சொன்னால் அந்த ஓமை உன்னிடமும் கொண்டுவந்து சொல்ல வேண்டிவரும். சொன்னால் நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று பயந்தேன். கடைக்கு வந்து, "என்ர உடம்பு ஏத்துக்கொள்ளேல்லையாம்" என்றேன். நீ கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். மாதாவுக்கு நேர்த்தி வைத்தாய். உன் அழுகை என் தோளை நனைக்க நனைக்க, எனக்குள் ஒரு கோபம் எழும்பி நின்றது. தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. நான் தள்ளவில்லை. சீலைத் தலைப்பால் உன் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அதன்பிறகு இரண்டரை வருடம் அந்தக் கோபத்தோடுதான் உன் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் உன்மேல் எரிந்து விழுந்தேன். பவுடர் கொட்டினால் விழுந்தேன், பிந்தி வந்தால் விழுந்தேன். "ஏனடி எப்ப பார்த்தாலும் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாய்?" என்று கேட்டாய். வெயில் என்றேன். குளக்கட்டுக்குப் போவதும் குறைந்தது. நான்தான் குறைத்தேன். உன் பிள்ளைகள் கடைக்கு வந்து என் மடியில் ஏறினால் இறக்கிவிட்டேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. உன் அம்மாவைக் கூட்டிவர இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். எலிக்காய்ச்சல். ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வார்ட்டுக்கு வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. என் கையைப் பிடித்து, "உன்னட்ட ஒண்டு சொல்லவேணும்" என்றாய். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றுதான் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். "விசர்க்கதை கதையாதை. சுகமாகி வந்து சொல்லு. தை மாசம் முழுக்கக் கலியாணம் பிடிச்சு வச்சிருக்கிறன்" என்றேன். நீ சிரிக்கப் பார்த்தாய். அடுத்தநாள் காலையில் உன் மனுசன் டெலிபோன் எடுத்தார்.

போன சனிக்கிழமை உன் மூத்தவள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. உன் ஆண்டுப் பூசை முடியட்டும் என்று தள்ளிப் போட்டு, இப்போதுதான் வைத்தார்கள். சேலை கட்ட என்னைத்தான் கேட்டாள். உன் சொந்தக்காரி ஒருத்தி வாயைத் திறக்க, உன் மகள் உன்னைப்போலவே கழுத்தை வெட்டி, "அன்ரி கட்டாட்டில் நான் சட்டையோடதான் வந்து இருப்பன்" என்றாள். அந்த மனுசியே சேலைத் தட்டை என் கையில் தந்தாள்.

அறைக்குள் நானும் அவளும் மட்டும். கொசுவத்தைச் செருகக் குனிந்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டு சொன்னாள், "அன்ரி, அம்மம்மாக்குச் சீனி வருத்தத்துக்கு ஊசி குடுத்தவையெல்லோ. அண்டைக்கு ஆஸ்பத்திரியில மிஸ்ஸி சொன்னவா, உறைய விட்டால் மருந்து செத்துப்போமெண்டு. அம்மா வீட்டை வந்து குசினிக்க இருந்து நெடுக அழுதவா. உங்களிட்டச் சொல்லிப் போடாதை எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவா."

என் கையில் கொசுவம் குலைந்துபோனது. எப்போது என்று கேட்டேன். வெள்ளத்துக்கு முந்தின வருடம் என்றாள். அப்படியென்றால் ஒரு வருடத்துக்கு மேலாக உனக்கும் தெரிந்திருக்கிறது. நான் விழுந்து விழுந்து ஏசியபோதெல்லாம் வாய் திறக்காமல் நின்றாயே, அது இதற்குத்தானா? ஒரே கடைக்குள், ஒரே கண்ணாடிக்கு முன்னால், ஒரே விசயத்தை ஒளித்துக்கொண்டு இரண்டு பேரும் பிற பெண்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அதாலதானோ அன்ரி உங்களுக்குப் பிள்ளை இல்லை?" என்று கேட்டாள். பதின்மூன்று வயது. கண்ணில் நீ பூசிவிட வேண்டிய மையை வேறு யாரோ அப்பியிருந்தார்கள். அது கரைந்து வழியத் தொடங்கியது.

"இல்லையடா. அம்மா ஒரு பிழையும் விடேல்லை. என்ர உடம்புதான் அப்பிடி" என்றேன். மையைத் துடைத்தேன். மறுபடி முதலிலிருந்து மடித்து, நேராகச் செருகி, பின் குத்தி, தலைப்பை எடுத்துவிட்டேன். வடிவாக இருந்தாள்.

அவளிடம் சொன்னதை உன்னிடம் சொல்லமாட்டேன். மருந்து உறைந்துதான் போனது. நல்லாக இருந்திருந்தாலும் பிள்ளை தங்கியிருக்குமா என்று எந்த டொக்டருக்கும் தெரியாது, அதுவும் உண்மைதான். அந்த உண்மையால் எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. வார்ட்டில் உன்னைச் சொல்லவிடாமல் தடுத்த என்மேல் அதைவிடக் கூட இருக்கிறது. ஒருநாள் இந்தக் கடையைப் பூட்டிவிட்டு, கண்ணாடி அதிரக் கத்தி, தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அதன்பிறகு ஒரு வாரம் கதைக்காமல் இருந்திருப்போம். எட்டாம் நாள் நீயே இஞ்சித் தேத்தண்ணியோடு வந்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும்.

இப்போதும் நன்றாகத்தான் உடுக்கிறேன். தோடு போடுகிறேன், வேலைக்கு வருகிறேன், கூறை கட்டுகிறேன். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், இல்லை என்று முகம் மாறாமல் சொல்கிறேன். அதைச் சொல்லிப் பழகிவிட்டது. ஏன் இல்லை என்று சொல்லி அழ எனக்கு இருந்தது நீ ஒருத்திதான்.