ஆறு பைகளும் பொருந்தவில்லை

வியாழனின் நிலவு யூரோப்பா, பனிநிலையம், ரத்தப் பரிசோதனை அறை
எழுதுவது: ஜெசிந்தா

நாள் 121, காலை 9.10
உறைபெட்டி சரியாக இருக்கிறது. பூமியிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு ஓ பாசிட்டிவ் பைகளும் பத்திரம். சோதனைக்கான ரீஏஜென்ட் செல்கள்தான் காலாவதி. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது, யார் அனுப்புகிறார்கள்?

நான் வந்து நான்கு மாதம். இங்கே பனியை உருக்கிப் போடும் டீயில் துரு வாடை அடிக்கிறது. மூன்று வருடமாகக் குடிக்கும் மற்ற பதினோரு பேருக்கும் அது தெரியவே இல்லையாம். நாக்கா அது?

நாள் 122, பகல் 2.40
பனியைத் துளைக்கும் இயந்திரம், அதை ஓட்டும் அசன் மைதீனின் தொடையைக் கிழித்துவிட்டது. அவனும் ஓ பாசிட்டிவ்தான். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் பிறர் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்ற சோதனை பாசிட்டிவ். இவனுக்கு இதுவரை யாருடைய ரத்தமும் ஏற்றியதில்லை. எப்படி வரும்?

முதலில் ரீஏஜென்டைச் சந்தேகி, பிறகு உன் கையை, கடைசியில்தான் நோயாளியை. எங்கள் தொழிலின் பாலபாடம். நானும் ஓ என்பதால் என் செல்களையே எடுத்துக் கழுவி, அசனின் பிளாஸ்மாவோடு சேர்த்து உடல் சூட்டில் வைத்துப் பார்த்தேன். கட்டி தட்டின. ஆறு பைகளிலும் அதேதான்.

நிலையத் தலைவர் குத்தாலிங்கம் இன்டர்காமில் வந்தார்: "எம்மா, மருந்து பழசா இருக்கும்லா. நீ யோசிச்சுக்கிட்டு இருந்தா பையன் போயிருவான். ஏத்திவிடு."

மாட்டேன் என்றேன். ஏற்றினால்தான் போய்விடுவான்.

பகல் 3.25
அசனின் பிளாஸ்மா அவனுடைய சொந்த செல்லை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால், எல்லோரிடமும் இருக்கிற ஏதோ ஒன்று இவனிடம் இல்லை. குத்தாலிங்கமும் ஓ. எரிச்சலில் அவர் விரலைக் குத்தி அந்த ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தேன். பொருந்தியது. அவரிடமிருந்து ஒரு பை எடுத்து ஏற்றினேன். அசன் பிழைத்தான்.

நாள் 124, காலை 11.00
பதினோரு பேரையும் சோதித்தேன். எல்லோருடைய பிளாஸ்மாவும் என் செல்லைத் தாக்குகிறது. பூமிப் பைகளையும்தான். தங்களுக்குள் தாக்கிக்கொள்வதில்லை. பழைய பதிவைப் பார்த்தால், பூமியை விட்டுக் கிளம்பும்போது பதினோரு பேருக்கும் இந்த ஆன்டிபாடி நெகட்டிவ்.

இங்கே வந்துதான் மாறியிருக்கிறார்கள். தண்ணீரைத் தவிர வேறு எதைச் சொல்ல? எனக்கும் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. பயமாக இருக்கிறது.

நாற்பது பேரோடு அடுத்த கப்பல் வந்துகொண்டிருக்கிறது. இறங்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன்.

நாள் 125, மாலை 5.15
கப்பலிலிருந்து பதில்: "ரீஏஜென்ட் காலாவதியானது எனக் குறிப்பு உள்ளது. மறு அறிக்கை அனுப்பவும். அதைப் பார்த்து முடிவெடுப்போம்."

நாள் 160, காலை 7.30
சிறுநீர் கடுங்காப்பி நிறம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் ஐந்து.

என் பிளாஸ்மாவையும் என் செல்லையும் சேர்த்தேன். கட்டி தட்டியது. அவர்களுக்கு முதலில் செல் மாறி, பிறகு ஆன்டிபாடி வந்திருக்கிறது. எனக்கு ஆன்டிபாடி முந்திக்கொண்டது. என் ரத்தத்தை என் ரத்தமே தின்கிறது.

ஆறு பைகளும் எனக்கே பொருந்தவில்லை. அசனுடையது பொருந்துகிறது.

உட்கார்ந்து அழுதேன். என் மகளிடம் திரும்பிப் போக வேண்டும். அந்த ரத்தம் எனக்கு வேண்டாம், ஏற்றிக்கொண்டால் நானும் அவர்களில் ஒருத்தி.

காலை 10.05
எழுத்து கோணலாகப் போகிறது. கதவைப் பூட்டியிருக்கிறேன். இன்டர்காமில் அசன்: "அக்கா, கதவத் தொறங்க. நான் பொழச்சது உங்களால. எங்க ரத்தம் உங்கள ஒண்ணும் செய்யாது."

திறக்கப் போகிறேன். சாகப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாள் 163, காலை 9.00
ஹீமோகுளோபின் எட்டு. நன்றாகப் பசிக்கிறது. டீயில் துரு வாடை இல்லை.

யோசித்தேன். பன்னிரண்டு பேருடைய ரத்தம் எத்தனை விபத்துக்குத் தாங்கும்? வருவது நாற்பது பேர். கொஞ்ச காலம் இந்தத் தண்ணீரைக் குடித்தால் எங்களோடு பொருந்திவிடுவார்கள். சிலருக்கு எனக்கு வந்தது வரும். சமாளித்துக்கொள்ளலாம்.

மறு அறிக்கை அனுப்பிவிட்டேன்: "முந்தைய முடிவு தவறு. ரீஏஜென்ட் பழசு. தாராளமாக இறங்கலாம்."